மூன்று பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு வரி

கேள்வி: நான் 39 வயது துறவறச் சகோதரி. நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுமைக்குமான துறவற வாக்குறுதி) கொடுத்துப் பத்து வருடம் ஆகிறது. கடந்த மே மாதம் வட மாவட்டம் ஒன்றில் ஆறு பேர் உள்ள இல்லத்துக்குத் தலைவியாக அனுப்பப்பட்டேன். எங்கள் அரசு உதவி பெறும் பள்ளிக்குத் தாளாளரும் நான்தான். தலைமையாசிரியையாக இருக்கும் சிஸ்டர் என்னைவிட 15 வயது மூத்தவர். குழுமக் கூட்டத்துக்கு வருவதில்லை. வண்டியையும் டிரைவரையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறார். "என் சம்பளத்தில்தானே இந்த வீடு ஓடுகிறது" என்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னார். நவதுறவகத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டரும் இதே இல்லத்தில் ஓய்வில் இருக்கிறார். அவர் எதிரில் எனக்கு வாயே வருவதில்லை. மருந்தகம் பார்க்கும் சிஸ்டர் மாலை செபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மா இறந்து எட்டு மாதம் ஆன பிறகும் அப்படியே இருக்கிறார். ஜூனியர் சிஸ்டர் மனம் விட்டுச் சொன்னதை எங்கள் சபையின் மாநிலத் தலைவியிடம் நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இரண்டு மாதமாக என்னுடன் பேசுவதில்லை. மாநிலத் தலைவி வாராவாரம் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார். கண்டிப்பாக நடந்துகொண்டால் சரியாகுமா? இல்லை, எனக்குத் தலைமை வராது என்று ஒப்புக்கொண்டு மாற்றல் கேட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கையெழுத்தில் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்றில் இரண்டு பக்கத்துக்கு மேல் தலைமையாசிரியை சிஸ்டரைப் பற்றியே இருக்கிறது. ஜூனியர் சிஸ்டரைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். வருத்தப்படாமல் படியுங்கள்.

அவர் உங்களிடம் சொன்னது என்ன என்பதையும் அந்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டேன். மாநிலத் தலைவிக்குச் சொன்னதோடு நிற்காமல், முகம் தெரியாத எனக்கும் சொல்லியிருக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கு யாராவது உதவமாட்டார்களா என்ற தவிப்பில் செய்திருக்கிறீர்கள். ஆனால் அவர் இருக்கும் இடத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள்.

ஜூனியர் என்றால் தற்காலிக வார்த்தைப்பாட்டில் இருப்பவர். திருச்சபைச் சட்டம் 655-இன்படி அந்தக் காலம் மூன்று வருடத்துக்குக் குறையக்கூடாது, ஆறு வருடத்துக்கு மிஞ்சக்கூடாது. தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். பல சபைகளில் வருடா வருடம் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இல்லத் தலைவியின் அறிக்கை மேலே போகிறது. தவணை முடியும்போது தகுந்த காரணம் இருந்தால், ஆலோசகர்களைக் கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தைப்பாட்டுக்கு அனுமதிக்காமல் விடும் அதிகாரம் மேலிடத் தலைவிக்கு 689-ஆம் சட்டத்தில் உண்டு. அதாவது, உங்களிடம் அழுத பிள்ளையின் எதிர்காலத்தை எழுதும் பேனாவும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உங்களை நம்பிப் பேசினார். இரண்டு நாளில் அது மாநிலத் தலைமை இல்லத்துக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத்தான் படுகிறது.

இந்த ஆபத்தைத் திருச்சபை எப்போதோ கண்டுவிட்டது. 1983-இல் வெளிவந்த சட்டத் தொகுப்பில் 630-ஆவது சட்டத்தின் ஐந்தாம் பிரிவை எடுத்துப் படியுங்கள். உறுப்பினர்கள் தாங்களாக விரும்பித் தலைவியிடம் மனதைத் திறக்கலாம். ஆனால் மனதைத் திறக்கும்படி தலைவி எந்த வகையிலும் தூண்டக்கூடாது என்று அது தடுக்கிறது. மனசாட்சிக் காரியத்துக்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது, ஆன்ம வழிகாட்டி இருக்கிறார். இவர்களை அவரவர் சுதந்திரமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். மாற்றல் போடுகிறவரும், அனுமதி கொடுக்கிறவரும், அறிக்கை எழுதுகிறவரும் ஒருவரே என்றால், அவரே உள்ளத்துக்குள்ளும் நுழையக்கூடாது. "எதையும் மறைக்காமல் சொல்லும்மா, நான் உனக்கு அம்மா மாதிரி" என்று எத்தனை நல்ல சுப்பீரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! அன்பாகச் சொல்லும் அந்த வார்த்தையே கதவைத் தள்ளித் திறப்பதுதான்.

நானும் செய்திருக்கிறேன். 30 வருடத்துக்கு முன்னால், முதன்முதலாக இல்லத் தலைவியாக இருந்தபோது, ஓர் இளம் சிஸ்டருக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். ஒட்டிய இடத்தில் அவர் விரலை வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவர் சபையை விட்டுப் போனார். அதனால்தான் போனார் என்று சொல்லமாட்டேன், வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பெட்டியோடு வாசலில் நின்றபோது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. உளவியல் ஆலோசனை படிக்கப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வாசலில்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் மன்னிப்புக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். உங்கள் அலுவலக அறைக்குக் கூப்பிட்டும் வேண்டாம், அங்கே கூப்பிட்டாலே விசாரணை என்று நினைப்பார். தோட்டத்திலோ, துணி காயப்போடும் இடத்திலோ, அவர் வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள் போங்கள். "நீங்கள் நம்பிச் சொன்னதை உங்களிடம் கேட்காமல் மேலே சொல்லிவிட்டேன். அது என் தவறு. அந்த விஷயம் உங்கள் அறிக்கையில் வராது." இவ்வளவுதான். "உங்கள் நல்லதுக்காகத்தான்" என்று ஒட்டுப்போடாதீர்கள். பதிலுக்கு அவர் பேசவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய விஷயத்தை மறுபடி கிளறிக் கேட்கவே கேட்காதீர்கள்.

அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவேண்டுமானால், அதற்கு முந்தின நாளே மாநிலத் தலைவியிடம் பேசியிருக்க வேண்டும். "அந்த சிஸ்டர் நம்பிக்கையில் சொன்னதை நான் உங்களிடம் சொன்னது சரியில்லை. அதைக் கோப்பில் வைக்காதீர்கள், வார்த்தைப்பாட்டு முடிவுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள்." பயமாகத்தான் இருக்கும். ஆனால் நியாயமான மாநிலத் தலைவி இதைக் கேட்டு உங்களைத் தாழ்வாக நினைக்கமாட்டார். வாராந்தர போனுக்கும் அப்போதே ஓர் எல்லை போட்டுவிடுங்கள். வீட்டின் வரவு செலவு, வேலைகள், யாருக்கு உடம்பு சரியில்லை (அவர் சம்மதத்தோடு), நீங்கள் எடுத்த முடிவுகள், உங்கள் சொந்தக் கஷ்டம், இதெல்லாம் சொல்லலாம். ஒருவரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டியிருந்தால், முதலில் அவரிடமே நேரில் சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற நடத்தை வரைக்கும்தான்.

இதற்கு இரண்டு விலக்கு உண்டு, அதில் தயங்கவே கூடாது. யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால் ரகசியம் காக்கக்கூடாது. பள்ளியிலோ வேறெங்கோ ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். மாநிலத் தலைவியிடம் சொல்லியாகிவிட்டது என்பது அங்கே செல்லாது.

அடுத்து தலைமையாசிரியை சிஸ்டர். நீங்கள் தாளாளர், அவர் தலைமையாசிரியை. பள்ளியில் காகிதப்படி நீங்கள் மேலே. ஆனால் வயதிலும் அனுபவத்திலும் ஊரில் இருக்கும் பெயரிலும் அவர் மேலே. பெற்றோர், கல்வி அலுவலகம், பங்குத்தந்தை எல்லாருக்கும் அவரைத்தான் தெரியும். இரண்டு பொறுப்பும் ஒரே கூரையின் கீழ், ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காருகின்றன. இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளி நடத்தும் கன்னியர் இல்லங்களில் என்னைச் சமாதானத்துக்குக் கூப்பிட்ட இடங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, அவருடைய அறையில் (உங்கள் அறையில் இல்லை) அரை மணி நேரம் தாளாளராக அவரைச் சந்தியுங்கள். பள்ளி விஷயம் எல்லாம் அங்கேயே பேசி, எழுதி, முடித்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது, உங்கள் வாயிலிருந்தும்.

குழுமக் கூட்டம் சனிக்கிழமை இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வாரத்துக் கணக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உங்கள் கடிதத்தின் வெவ்வேறு பக்கத்தில் இருக்கின்றன. எந்த நேரம் ஒத்துவரும் என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

சம்பளம் பற்றிய அவருடைய வார்த்தை உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். துறவறத்தார் உழைத்துப் பெறுவது சபைக்கே சேரும் என்று 668-ஆம் சட்டம் சொல்கிறது. அதை அவர் முகத்தில் வீசவேண்டாம். அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும், 30 வருடமாகச் சம்பளத்தை அப்படியே கொடுத்திருக்கிறார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் அருட்சகோதரிகள், குருக்கள் சம்பளத்திலும் வருமான வரி பிடிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசாங்கம் அவரைச் சம்பளக்காரராகப் பார்க்கிறது, வரி பிடிக்கிறது. வீட்டிலோ சோப்பு வாங்கக்கூட உங்களிடம் கேட்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று களைத்துப்போன ஒருவர் சொன்ன வார்த்தையாக அதைக் கேட்டுப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் ஒழுங்கின் 64-ஆம் அதிகாரத்தில் மடத்தலைவருக்கு எழுதினார்: துருவை ரொம்பச் சுரண்டினால் பாத்திரமே உடைந்துபோகும். பாத்திரம் தேய்த்த எல்லாருக்கும் இது புரியும்.

அதற்காக வண்டி விஷயத்தை விடவேண்டாம். டிரைவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். யார், எங்கே, எப்போது என்று முந்தின நாளே எழுதவேண்டும், உங்கள் பயணத்தையும் சேர்த்து. மருந்தக அவசரத்துக்கு முதல் உரிமை. கூட்டத்தில் எல்லாரையும் கேட்டு இதை முடிவு செய்யுங்கள், முடிவு செய்த பிறகு யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். தலைவி மனமுவந்து கேட்கவேண்டும் என்று சொல்லும் அதே 618-ஆம் சட்டம்தான், கேட்ட பிறகு முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்றும் சொல்லி முடிகிறது. நீங்கள் கேட்ட கண்டிப்புக்கு உரிய இடம் இதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். இல்லத்தில் ஆறு பேர் என்கிறீர்கள். உங்களோடு சேர்த்து எண்ணினால் கடிதத்தில் ஐந்து பேர்தான் வருகிறார்கள். ஆறாவது சிஸ்டர் யார்? சமையலும் வீட்டு வேலையும் பார்க்கிறவர் என்று ஊகிக்கிறேன். பிரச்சினை செய்யாததால் கண்ணில் படாமல் போய்விட்டார். அவருக்குச் சம்பளம் கிடையாது, அதனால் "என் சம்பளத்தில்" என்ற வார்த்தை மேசையில் விழுந்தபோது அது உங்களைவிட அவர்மேல்தான் பலமாக விழுந்திருக்கும். உள்ளூர் இல்லங்களில்கூட, முடிந்தவரை, தலைவி வேறு பொருளாளர் வேறு என்று இருக்கவேண்டும் என்பது 636-ஆம் சட்டம். வீட்டுக் கணக்கை நீங்களே எழுதிக்கொண்டிருந்தால், மாநிலத் தலைவியிடம் பேசி அந்தப் பொறுப்பை அவருக்குக் கொடுக்க முடியுமா பாருங்கள். மாதம் ஒருமுறை கணக்கை எல்லார் முன்னாலும் அவர் வாசிக்கட்டும்.

உங்கள் பயிற்சித் தலைவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தனியாகப் போய், "சிஸ்டர், உங்கள் முன்னால் நான் இன்னும் நவதுறவிதான், அதனால் எனக்குப் பேச்சு வரவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். 74 வயதில் ஓய்வில் உட்கார்ந்திருப்பவர், தன்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். கூட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு அசிசி புனித கிளாரா ஒரு வழி காட்டியிருக்கிறார். பெண்களின் துறவற ஒழுங்கு ஒன்றை ஒரு பெண்ணே எழுதி, திருத்தந்தை அதை அங்கீகரித்தது அவரில்தான் முதன்முதலாக நடந்தது. 1253 ஆகஸ்ட் 9 அன்று அங்கீகாரம், இரண்டே நாளில் அவர் இறந்தார். வாரம் ஒருமுறையாவது மடத்தலைவி எல்லாரையும் கூட்டவேண்டும், அங்கே அவரும் தம் குறைகளைத் தாழ்மையோடு சொல்லவேண்டும், பிறகு எல்லாரிடமும் ஆலோசனை கேட்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. எது நல்லது என்பதை ஆண்டவர் பல சமயம் சின்னவருக்குத்தான் வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் சொல்கிறார். அடுத்த கூட்டத்தில் முதல் வார்த்தை உங்கள் தவறைப் பற்றி இருக்கட்டும். ஜூனியர் சிஸ்டர் விஷயத்தை மட்டும் அங்கே எடுக்கவேண்டாம், அது அவருடையது.

மாற்றல் கேட்பதா? இப்போது வேண்டாம் என்பேன். வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் இப்போது போனால், தன்னால்தான் போனீர்கள் என்று ஜூனியர் சிஸ்டர் காலமெல்லாம் சுமப்பார். அவிலா நகரத்துப் புனித தெரேசாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1571 அக்டோபரில், தாம் முன்பு ஏறக்குறைய 27 வருடம் வாழ்ந்த அதே மடத்துக்கு அவரைத் தலைவியாகப் போட்டார்கள். அங்கிருந்த சகோதரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிடம் அனுப்பியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் அவரை உள்ளே விடமாட்டோம் என்று கூச்சல் போட்டார்கள். முதல் கூட்டத்துக்கு அவர்கள் வந்தபோது தலைவியின் இருக்கையில் மாதா சுரூபம் இருந்தது, அதன் கையில் மடத்துச் சாவிகள். தெரேசா அதன் காலடியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் காட்சியை எல்லா ஞான ஒடுக்கத்திலும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்த மடத்தில் அப்போது சாப்பாட்டுக்கே பஞ்சம், பலர் உறவினர் வீடுகளில் போய்ச் சாப்பிட்டார்கள். அவர் முதலில் உணவுக்கு வழி பார்த்தார். ஆன்ம காரியத்துக்கு, அடுத்த வருடம், சிலுவை யோவான் என்ற குருவை அங்கே வரவழைத்தார். தலைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டார், உள்ளங்களை இன்னொருவரிடம் விட்டார்.

பதவி போனால் அவமானம் என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரான்சிலிருந்து 1865-இல் மதுரை மறைப்பணிக்கு வந்த எலேன் தெ ஷப்போத்தென், இரண்டே வருடத்தில் தம் சபையின் மாநிலத் தலைவி ஆனார். பிறகு அங்கே பிளவு உண்டாகி, 1876-இல் சுமார் இருபது சகோதரிகள் சபையை விட்டு ஊட்டியில் கூடினார்கள். அவரும் அவர்களில் ஒருவர். மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. 1883-இல், தாம் தொடங்கிய சபையிலேயே தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். விசாரணையில் குற்றமற்றவர் என்று தெரிந்து, 1884-இல் பேரவை மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தது. 2002-இல் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கிடைத்தது. நீக்கப்பட்ட அந்த மாதங்களிலும் அவர் அதே சபையின் சகோதரிதான். உங்கள் பொறுப்புக்குத் தவணை உண்டு, சட்டமே அப்படி வைத்திருக்கிறது. வருகிற மே வரை இருங்கள். அதுவரை முயன்று பார்த்த பிறகும் தூக்கம் கெட்டு உடம்பு கெட்டால், அப்போது மாற்றல் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மருந்தகத்து சிஸ்டரைக் கடைசிக்கு வைத்தேன், ஆனால் அவர் விஷயம்தான் அவசரம். அம்மா இறந்து எட்டு மாதம் என்பது துக்கத்துக்கு நீண்ட காலம் கிடையாது. அடக்கத்துக்குப் போய் மூன்றாம் நாளே மருந்தகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்போது அழுதார்? செபத்துக்கு வராததைக் குறையாகக் கேட்காதீர்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, மெலிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அம்மாவைப் பற்றிக் கேளுங்கள், அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தூக்கமும் பசியும் போயிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும், விசுவாசக் குறைவு என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

அவர் ஊர் நாகர்கோவில் பக்கம் என்கிறீர்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அம்மாவின் கல்லறைக்கு அவர் போகும் முதல் திருநாள். ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புங்கள், மருந்தகத்துக்கு மாற்று ஆளை இப்போதே கேட்டு வையுங்கள். ரயிலுக்கு 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும், அதனால் செப்டம்பர் முதல் நாட்களிலேயே போட்டுவிட வேண்டும். அந்தச் சமயம் தெற்கே போகும் வண்டிகளில் அப்புறம் இடம் கிடைக்காது. டிக்கெட்டை நீங்களே போட்டு, அவர் கையில் கொடுங்கள்.